தூக்கிப் பார்த்து வாங்க வேண்டிய மின்சார சைக்கிள்

வேலைக்குச் சென்று திரும்ப மின்சார சைக்கிள் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு முறை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான். அடுத்த கேள்வி மோட்டாரின் திறனைப் பற்றியதாக இருக்கும். எடையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நானாக அந்தப் பேச்சை எடுத்தாலும், மோட்டார்தான் இழுக்கப் போகிறதே, எடை கூடினால் என்ன என்று கேட்கிறார்கள். நகரத்துக்குள் நெடுங்காலமாகச் சைக்கிளில் போய் வருபவன் என்ற முறையில், இந்தக் கேள்விகளின் வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போக எட்டு, பத்து கிலோமீட்டர், வர அதே தூரம் என்ற அளவில் முடியும் பயணத்துக்கு முதலில் தீர்மானிக்க வேண்டியது வண்டியின் எடைதான். அதை முடிவு செய்துவிட்டால், பேட்டரி எவ்வளவு பெரியதாக இருக்கலாம், மோட்டார் எந்த வகையாக இருக்கலாம் என்பவை ஓரளவு தாமாகவே தெளிவாகிவிடும்.

ஓட்டும்போது எடை அதிகம் தெரியாது என்பது உண்மை. ஓட்டுபவரும் அவருடைய பையும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ வண்டியில் ஏறினால் மொத்தம் 100 கிலோ. 15 கிலோ வண்டியில் 90 கிலோ. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கவே 100 வாட்டுக்கு மேல் செலவாகிறது. கூடுதலாக இருக்கும் அந்த 10 கிலோவுக்காகச் செலவாவது சுமார் 5 வாட் மட்டுமே. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், கனமான வண்டிக்குச் சுமார் 260 வாட், லேசான வண்டிக்குச் சுமார் 240 வாட் தேவைப்படும். சாதாரணமாக மிதிப்பவர் ஒருவர் களைப்பில்லாமல் தரக்கூடிய திறன் 75 முதல் 100 வாட் வரை என்பதால், 20 வாட் என்பது அவர் உழைப்பில் கவனிக்கத்தக்க பங்குதான். ஆனால் மோட்டார் அதை எளிதாக ஈடுகட்டிவிடும். சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் வரை, எடையைப் பொருட்படுத்தாதவர்கள் சொல்வதில் பெரிய பிழை இல்லை.

நகரவாசியின் சைக்கிள் வாழ்க்கையில் பாதி, சீட்டை விட்டு இறங்கிய பிறகுதான் நடக்கிறது. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மாடி ஏற்ற வேண்டும். சுரங்கப்பாதையின் படிகளில் இறக்கி ஏற்ற வேண்டும். ரயில் பெட்டியின் உயரமான வாசலில் தூக்கி வைக்க வேண்டும். நெருக்கமாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்பக்கத்தைத் தூக்கி ஒதுக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். மாடிப்படியைச் சற்றே நெருங்கிப் பார்க்கலாம். செயின் வெளிப்பக்கம் இருக்கும்படி வண்டியை வலது தோளில் ஏற்றி, வலது கையை ஃபிரேமுக்குள் விட்டு முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், இடது கை படியின் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள மிச்சமிருக்கும். படி திரும்பும் இடத்தில் முன்சக்கரம் தானாகச் சுழன்று சுவரில் இடிக்கப் பார்க்கும். உள்பக்கத்துப் பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து தட்டும். 15 கிலோ வண்டியானால் இரண்டையும் சமாளித்துக்கொண்டே ஏறிவிடலாம். 25 கிலோ வண்டியைத் தோளில் ஏற்றுவதே பலருக்கு முடியாத காரியம். இரு கைகளாலும் பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து வைத்து, மேலே போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருக்கும். எந்த வியர்வையைத் தவிர்ப்பதற்காக மின்சார சைக்கிள் வாங்கினோமோ, அதே வியர்வை வாசற்படியிலேயே வந்துவிடுகிறது. சில வாரங்களில் வண்டி கீழேயே நிற்கத் தொடங்கும். மழை பெய்தால் நனையும், திருட்டு பயம் வரும், பயன்பாடு குறைந்துகொண்டே போகும். கனமான வண்டிகள் வீணாகிப்போகும் கதை பெரும்பாலும் இப்படித்தான் நடப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எடை தெரியும் இன்னோர் இடம், மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும் தருணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண மின்சார சைக்கிளின் மோட்டார் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அது உதவியை நிறுத்திவிட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மூன்று வகைப் பிரிவில் இந்த எல்லை ஏறத்தாழ 32 அல்லது 45 கிலோமீட்டர். 25 கிலோமீட்டர் எல்லை கொண்ட வண்டி கனமானதாக இருந்தால், அந்த வேகத்துக்கு மேல் அதை மிதித்துக்கொண்டு செல்ல யாருக்கும் மனம் வராது. லேசான வண்டியில் நல்ல சாலை கிடைக்கும்போது மோட்டாரின் துணையில்லாமலே 27, 28 என்று போய்க்கொண்டிருக்கலாம். பேட்டரி தீர்ந்துபோன நாளிலும் வீடு வந்து சேர்வது தண்டனையாகத் தோன்றாது.

சரி, எடை எங்கிருந்து வருகிறது? சாதாரண நகர மின்சார சைக்கிள்கள் 22 முதல் 27 கிலோ வரை இருக்கின்றன. லேசானவை என்று சொல்லத்தக்கவை 13 முதல் 18 கிலோவுக்குள் அடங்கும். பேட்டரியைத் திறந்து பார்த்தால் உள்ளே சிறிய உருளைகளாக லித்தியம் அயன் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும். நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கும் 18650 வகைச் செல்லின் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், எடை ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. நல்ல தரமான செல் ஒன்றில் ஏறத்தாழ 12 வாட்-மணி ஆற்றல் இருக்கும், அதாவது 12 வாட் திறனை அது ஒரு மணி நேரம் தர முடியும். பத்துச் செல்களை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட் கிடைக்கும். அப்படிப்பட்ட இரண்டு வரிசைகள், அதாவது இருபது செல்கள் சேர்ந்தால் 250 வாட்-மணிக்கு அருகில் வந்துவிடும். செல்கள் மட்டும் ஒரு கிலோ. 500 வாட்-மணிக்கு நாற்பது செல்கள், இரண்டு கிலோ. உறையும் பூட்டும் அதற்கேற்ற கனமான ஃபிரேமும் அதற்கு மேல். மோட்டாரிலும் இதே கணக்குதான். மலைப்பாதைக்கான போஷ் நிறுவனத்தின் சிஎக்ஸ் வகை மோட்டார் பல ஆண்டுகளாக 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (அச்சைச் சுழற்றும் வலிமை) தந்து வந்தது, எடை மூன்று கிலோவுக்கு நெருக்கம்; அதே நிறுவனத்தின் எஸ்எக்ஸ் வகை அறிமுகமானபோது 55 நியூட்டன் மீட்டர், எடை சுமார் இரண்டு கிலோ. டிக்யூ நிறுவனத்தின் எச்பிஆர் 50 என்ற மோட்டார் 50 நியூட்டன் மீட்டர் தந்து 1.85 கிலோவில் நிற்கிறது. முன்பக்க சஸ்பென்ஷன் ஃபோர்க் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிவிடும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் டர்போ வாடோ எஸ்எல் முதல் தலைமுறை, 35 நியூட்டன் மீட்டர் மோட்டாரும் 320 வாட்-மணி பேட்டரியும் கொண்டு 15 கிலோ அளவில் வந்தது. எந்த மாயமும் அதில் இல்லை. எல்லாவற்றையும் சற்றுச் சிறியதாக வைத்துக்கொண்ட ஒழுங்குதான் அந்த எடையைச் சாத்தியமாக்கியது.

சிறிய பேட்டரி போதுமா என்ற அச்சம் நியாயமானது. லேசான வண்டியை மிதமான உதவியோடு, தாமும் மிதித்து ஓட்டுபவருக்குக் கிலோமீட்டருக்கு 6 முதல் 10 வாட்-மணி வரை செலவாகும் என்று கொள்ளலாம். நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 8 வாட்-மணி என்றால் 128 வாட்-மணி. 250 வாட்-மணி பேட்டரியில் பாதிதான் இது. விளம்பரத்தில் போடும் தூரம் பெரும்பாலும் மிகக் குறைந்த உதவி நிலையில், காற்றும் மேடும் இல்லாத சூழலில் கிடைப்பது என்பதால் அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை. வாட்-மணியை என் தூரத்தால் வகுத்துப் பார்ப்பதே நம்பகமானது. ஆனால் ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் எடுத்துச் சொல்வதில்லை. பேட்டரியின் ஆயுள், முழுதாகச் சார்ஜ் ஏற்றித் தீர்க்கும் சுற்றுகளில் கணக்கிடப்படுகிறது. ஒரே தூரத்தை ஓட்டும் இருவரில், 250 வாட்-மணி வைத்திருப்பவர் 500 வாட்-மணி வைத்திருப்பவரைவிட இரு மடங்கு சுற்றுகளைச் செலவழிக்கிறார். அவருடைய பேட்டரி அந்த அளவுக்குச் சீக்கிரம் மூப்படையும். குளிரில் கொள்ளளவு தற்காலிகமாகவும் குறையும். எனவே, புதிதாக இருக்கும்போது அன்றாடத் தேவையைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்பதை நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வாங்குவது, பயன்படாத செல்களை ஒவ்வொரு மாடியாகத் தூக்கிக்கொண்டு போவதாகும்.

பேட்டரியைக் கழற்ற முடியுமா என்பது இதோடு ஒட்டிய கேள்வி. மாலே நிறுவனத்தின் எக்ஸ் 35 அமைப்பைப் போன்றவற்றில் 250 வாட்-மணி அளவிலான பேட்டரி கீழ்க்குழாய்க்குள் மறைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண சைக்கிள் என்றே தோன்றும், எடையும் குறையும், திருடனின் கண்ணையும் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் சார்ஜ் போட வண்டி முழுவதும் மின்இணைப்புக்கு அருகில் வந்தாக வேண்டும். வீட்டுக்குள் வண்டியைக் கொண்டுவர இடமிருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இரவில் வண்டி தெருவோரத்திலோ பொது நிறுத்தத்திலோ நிற்கப் போகிறது என்றால், எத்தனை அழகாக இருந்தாலும் இந்த வகையை வாங்கக் கூடாது. அவர்களுக்குக் கழற்றக்கூடிய பேட்டரியே பொருந்தும். அதனால் கூடும் ஒரு கிலோவை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, எடைக்கு அடுத்தபடியாக நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது சென்சாரைப் பற்றி. மோட்டார் எப்போது, எவ்வளவு உதவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இரண்டு வழிகள் உண்டு. கேடன்ஸ் சென்சார், பெடலின் அச்சோடு சுழலும் காந்தங்களைக் கொண்டு, கால் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறிகிறது. மெல்லச் சுற்றினாலும் அழுத்திச் சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான். மிதிக்கத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து மோட்டார் சட்டென்று தள்ளும், மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளிக்கொண்டிருக்கும். டார்க் சென்சார் (டார்க் என்றால் முறுக்குவிசை), கால் கொடுக்கும் அழுத்தத்தையே அளந்து, அதற்கு ஏற்ற விகிதத்தில் மோட்டாரை இயக்குகிறது. காகிதத்தில் படிக்கும்போது இது சிறிய வித்தியாசமாகத் தெரியும். சிக்னலில் ஒரு காலை ஊன்றி நின்று, பச்சை விழுந்ததும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் கிளம்பும்போதுதான் அதன் பொருள் புரியும். டார்க் சென்சார் வண்டியில் முதல் அழுத்தத்திலேயே உதவி வந்துவிடுகிறது, அழுத்திய அளவுக்கு மட்டும் வருகிறது. கூட்டத்துக்குள் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும்போதும் வண்டி திமிறுவதில்லை. முறுக்குவிசை குறைந்த லேசான மோட்டாருக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அந்த மோட்டார் தனியாக எதையும் இழுக்காது. கால்களோடு சேர்ந்து இயங்கினால்தான் அதன் 35 அல்லது 40 நியூட்டன் மீட்டரும் போதுமானதாகும். பெரிய மோட்டாரும் கேடன்ஸ் சென்சாரும் கொண்ட வண்டியா, சிறிய மோட்டாரும் டார்க் சென்சாரும் கொண்ட வண்டியா என்று கேட்டால், நகரத்துக்கு நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மோட்டார் சக்கரத்தில் இருப்பதா, பெடலுக்கு நடுவில் இருப்பதா என்பதைப் பற்றி இணையத்தில் நடக்கும் விவாதங்கள் நகரப் பயணத்துக்குத் தேவையான அளவைத் தாண்டியவை. சக்கரத்து ஹப் மோட்டார் எளிமையானது, விலை குறைவானது, செயினைத் தேய்க்காது. நீண்ட செங்குத்தான மேட்டில் மெதுவாக ஏறும்போது திணறும், பின்சக்கரம் பங்க்சரானால் ஒயர் இணைப்பைப் பிரித்து நட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் மோட்டார் கியர்களின் வழியாக இழுப்பதால் மேட்டில் தாராளமாக ஏறும், எடை நடுவில் அமைவதால் தூக்கும்போதும் வண்டி ஒரு பக்கம் சாயாது. செயினும் பல்சக்கரங்களும் விரைவில் தேயும். வழியில் மேம்பாலங்கள் தவிர வேறு மேடே இல்லாதவருக்கு ஹப் மோட்டாரே போதும். ஒரே கியரும் கார்பன் இழை பெல்ட்டும் கொண்ட வண்டிகளை நான் விரும்புகிறேன். எண்ணெய் தேவையில்லை, கால்சட்டையில் கறை படியாது, சத்தமும் இல்லை. மேடு உள்ள ஊரில் அதே வண்டி முழங்காலைப் பதம் பார்க்கும்.

எடையைக் குறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. குழியும் விளிம்புக்கல்லும் நிறைந்த நகரச் சாலையில் டயரின் அகலம் 38 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து. சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் அந்தக் காற்றுதான் முதுகைக் காப்பாற்றுகிறது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் சமரசம் வேண்டாம். மட்கார்டு, விளக்கு, கேரியர், ஸ்டாண்ட் ஆகியவற்றையும் கழற்றி எறிந்து எடையைக் குறைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நிறுவனங்கள் அறிவிக்கும் எடை பல நேரங்களில் பெடல்கூட இல்லாமல், மிகச் சிறிய அளவு ஃபிரேமை நிறுத்து எடுத்ததாக இருக்கும். அதன்மேல் இவை எல்லாம் ஏறி, ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத நல்ல பூட்டும் சேர்ந்தால், 15 கிலோ என்று படித்தது 18 ஆகிவிடும். தெருவில் இறங்கத் தயாராக நிற்கும் நிலையில் உள்ள எடை ஒன்றையே ஒப்பிட வேண்டும்.

மடக்கு சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. பிராம்ப்டன் நிறுவனத்தின் முதல் மின்சார மாதிரியில் மோட்டார் முன்சக்கரத்திலும், 300 வாட்-மணி பேட்டரி முன்னால் மாட்டும் தனிப் பையிலும் அமைந்திருந்தன. மொத்த எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் பையை ஒரு தோளிலும் மடங்கிய வண்டியை மறு கையிலும் பிரித்து எடுத்துச் செல்ல முடிந்தது. ரயிலும் சைக்கிளும் மாறி மாறி வரும் பயணத்துக்கு, எடையின் அளவைப் போலவே அது எந்த வடிவத்தில் கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். பலர் விரும்பும் தாழ்வான ஃபிரேமில் ஏறி இறங்குவது சுலபம். மேல்குழாய் இல்லாததால் அதைத் தோளில் மாட்டுவது கடினம்.

வண்டியை வீட்டுக்குள் வைக்கப்போகிறோம் என்பதால், பேட்டரியின் பாதுகாப்பில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், யூஎல் 2849 போன்ற பாதுகாப்புச் சான்று இல்லாத மின்சார சைக்கிள்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. தரமற்ற பேட்டரிகளால் அங்கே குடியிருப்புகளில் உயிர்களைப் பறித்த தீ விபத்துகள் அதற்குப் பின்னணி. ஐரோப்பாவில் ஈஎன் 15194 என்ற தரநிலை இருக்கிறது. இவற்றில் ஒன்றாவது வண்டியின் ஆவணத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மற்றதைப் பேச வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துவதும், வெளியேறும் வழியை அடைத்தபடி வாசலில் சார்ஜ் போடாமல் இருப்பதும் அவசியம். நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதானால் பாதி அளவு சார்ஜில் வைத்தால் செல்களுக்கு நல்லது.

அழகான லேசான வண்டிகளில் பல, தமக்கென்றே செய்த உதிரிபாகங்களை நம்பியிருப்பவை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான்மூஃப் நிறுவனம் 2023 ஜூலையில் திவாலானபோது, வண்டியைத் திறப்பது உட்படப் பல வசதிகள் செயலியை நம்பியிருந்ததால், சர்வர் நின்றுபோனால் தங்கள் வண்டியின் கதி என்ன என்று உரிமையாளர்கள் கவலைப்பட நேர்ந்தது. பின்னர் வேறு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது என்றாலும், அந்தக் கவலை எனக்கு மறக்கவில்லை. செல்பேசி இல்லாமலே மோட்டார் இயங்க வேண்டும். டயர், பிரேக் பேட், செயின் ஆகியவை எந்தக் கடையிலும் கிடைக்கும் அளவுகளில் இருக்க வேண்டும். மாற்றுப் பேட்டரி தனியாக விற்கிறதா என்று வாங்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

குழந்தையைப் பின்னால் ஏற்றிச் செல்பவர்கள், வாரச் சாமான்களை மொத்தமாகச் சுமப்பவர்கள், செங்குத்தான மேட்டில் வசிப்பவர்கள் ஆகியோருக்கு நான் லேசான வண்டியைப் பரிந்துரைப்பதில்லை. ஃபிரேம் தாங்கக்கூடிய மொத்த எடைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் வரம்பு உண்டு. ஓட்டுபவர், சுமை, வண்டி மூன்றும் சேர்ந்ததே அந்த வரம்பு. சில லேசான ஃபிரேம்களில் குழந்தை இருக்கை பொருத்தவே அனுமதி இருப்பதில்லை. அவர்களுக்குக் கனமான வண்டியும், அதை வைக்கத் தரைத்தளத்தில் ஓர் இடமும்தான் தேவை.

மற்றவர்கள் கடைக்குப் போகும்போது, அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பையையும் பூட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்; அப்போது வண்டி இழுத்துப் பிடிப்பதாகத் தோன்றினால் வேறொன்றைப் பாருங்கள். பிறகு மோட்டாரை இயக்கி, நின்று நின்று பல முறை கிளம்புங்கள். நடைவேகத்தில் ஒரு சிறு வட்டமடித்துப் பாருங்கள். அதன் பின் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, அருகில் இருக்கும் மாடிப்படியில் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறி இறங்க அனுமதி கேளுங்கள். கடைக்காரருக்கு அது விசித்திரமாகத் தோன்றலாம். மறுத்தால், குறைந்தபட்சம் தோளில் ஏற்றி ஒரு நிமிடம் நின்றாவது பாருங்கள். நாள் முழுக்க வேலை செய்து களைத்த மாலை நேரத்தில் கடைக்குப் போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் அந்தக் களைப்போடுதான் வண்டியை மேலே ஏற்றப் போகிறீர்கள்.